அந்த ஒரு வாய் தயிர்சாதம்

டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டபோது அறையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். டாக்டர், என் அம்மா, கட்டிலில் என் தங்கை வசந்தா, அவள் கால்மாட்டில் நான். நைனா இல்லை. எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். மாமல்லபுரத்தில் பஸ் வந்து நிற்கும் இடத்துக்கு எதிரே எங்கள் சாப்பாட்டுக்கடை. மத்தியானப் பந்தியை விட்டுவிட்டு அவரால் செங்கல்பட்டுக்கு வர முடியாது.

நான் பொய் சொன்னேன்.

அந்தப் பொய்யால் என் தங்கை செத்தாளா, அதற்கு முன்பே நான் செய்த காரியத்தால் செத்தாளா... எனக்குத் தெரியாது. ஆனால் பழி என் அம்மா தலையில் விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டேன். இத்தனை வருடமாக ஊரில் நல்ல பிள்ளை, பொறுப்பான பிள்ளை, படித்த பிள்ளை என்று பெயர் வாங்கிக்கொண்டு நடமாடுகிறேன். குற்றத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி படிப்பதும் மடித்து வைப்பதும் உங்கள் விருப்பம்.

எங்கள் கடையைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. எங்கள் கடையில் 'போதும்' என்ற சொல்லுக்கு மதிப்பே கிடையாது. சாப்பிடுகிறவர் இலைமேல் கையை விரித்து மறைத்தால், நைனா அந்த விரலிடுக்கு வழியாகவே ஒரு கரண்டி சாம்பாரை விட்டுவிடுவார். அவர்களும் கையை உதறிக்கொண்டு சிரிப்பார்கள். "துன்னுய்யா, இன்னா இப்போ, வயிறு வெடிச்சா பூடும்?" என்பார் நைனா. அதுதான் எங்கள் வீட்டு மரியாதை. அந்தக் கரண்டியைப் பிடித்து வளர்ந்த கைதான் என்னுடையதும்.

அந்த வீட்டில் ஒரு பெண் சாப்பிடாமல் இருந்தாள்!

எதனால் தொடங்கியது? நானும் இன்றுவரை தோண்டித் தோண்டிப் பார்க்கிறேன். திருக்கழுக்குன்றத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு அம்மாள், "பொண்ணு கடச் சோத்துல நல்லா ஊறிக்கீது" என்று சொல்லிச் சிரித்ததாலா? அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். வசந்தாவும் சிரித்தாள். அதுதான் காரணம் என்று சொல்லிவிட்டால் எனக்கு வசதி. ஆனால் ஒரு வார்த்தையில் ஒரு பெண் இப்படிக் கரைந்துபோவாளா? தெரியவில்லை.

முதலில் எண்ணெயை விட்டாள். பிறகு குழம்பை. பிறகு சோற்றை. ஆனால் சமையலை விடவில்லை. அதுதான் எங்களை ஏமாற்றியது. அம்மாவோடு அடுப்படியில் நின்று அவள் வைத்த மீன் குழம்புக்காகவே கல் கொத்தும் ஆட்கள் வருவார்கள். மற்றவர்கள் சாப்பிடுவதை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவர்கள் வாய் அசைய அசைய அவள் முகத்தில் ஒரு நிறைவு.

எல்லோருக்கும் கடைசியாகச் சுவரைப் பார்த்து உட்காருவாள். பிசைவாள், உருட்டுவாள், இலையில் இங்கிருந்து அங்கே தள்ளுவாள். பிறகு இலையை மடித்து எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போவாள். ஒருநாள் அந்த இலையை நான் வாங்கிப் போடப் போனேன். கனத்தது. போட்ட சோறு அத்தனையும் உள்ளே அப்படியே இருந்தது. கொல்லையில் பக்கத்து வீட்டு ஆடுகள் காத்திருந்தன.

"நைனாகிட்ட சொல்லாதண்ணா" என்றாள்.

சொல்லவில்லை. எனக்குப் பரீட்சை நேரம். வீட்டில் ரகளை வேண்டாம் என்று நினைத்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் கால் வைத்த முதல் ஆள் நான். செங்கல்பட்டில் கல்லூரிப் படிப்பு. என் படிப்புக்கு முன்னால் எல்லாமே சில்லறை விஷயம் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள்... அவர்களைவிட அதிகமாக நானே நினைத்தேன்.

சித்திரை வெயிலில் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குளிருகிறதாம். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. கையிலும் கன்னத்திலும் குழந்தைக்கு இருப்பதுபோல் பூனைமயிர் முளைத்தது. மாதவிலக்கு நின்றுபோயிற்று. அம்மா பயந்து தாயத்துக் கட்டினாள். கடையில் சாப்பிட வந்தவர்கள் வாய் சும்மா இருக்குமா?

"இன்னா மொதலாளி, ஊருக்கெல்லாம் அள்ளி அள்ளிப் போடுற, உன் பொண்ணு ஒட்டடக்குச்சியாட்டம் கீது! வூட்ல அடுப்பு பத்த வெக்கறதில்லயா?"

"துன்னுட்டுக் கெளம்புய்யா" என்று நைனா சிரிப்பார். அவர் காது சிவப்பதை நான் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டுக்கடைக்காரனை அதைவிட எப்படி அவமானப்படுத்த முடியும்?

ஒருநாள் பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே, கையில் ரசப் பாத்திரத்தோடு அவள் மயங்கி விழுந்தாள். தூக்கியபோது, ரசம் நனைத்த புடவையின் கனம்தான் கையில் தெரிந்தது. அவள் கனம் தெரியவில்லை.

செங்கல்பட்டில் ஒரு வயதான டாக்டர் சின்னதாக ஓர் ஆஸ்பத்திரி வைத்திருந்தார். வாலிபத்தில் பட்டாளத்தில் வேலை பார்த்தவர். வசந்தாவின் நாடியைப் பிடித்தவர் வெகுநேரம் விடவில்லை. பிறகு என்னை மட்டும் வெளியே அழைத்தார்.

"தம்பி, நீ படிக்கிற பையன். அதனால உன்கிட்ட சொல்றேன். இது பேயும் இல்ல, பிசாசும் இல்ல. அனோரெக்சியா நெர்வோசான்னு பேரு. பசி இல்லாம இல்ல. பசிக்கும். அதை அடக்கி அடக்கி ஜெயிக்கணும்னு மனசு நிக்கும். மனசுக்கு வைத்தியம் சென்னையிலதான் பார்க்கணும். அதுக்கு முதல்ல உயிர் நிக்கணும்."

நான் தலையாட்டினேன்.

"பர்மாப் பக்கம் சண்டை முடிஞ்சப்போ முகாம்லேர்ந்து எலும்பும் தோலுமா ஆளுங்களைக் கொண்டாந்தாங்க. பாவம்னு சிப்பாய்ங்க ரொட்டியும் சர்க்கரையும் அள்ளிக் குடுத்தாங்க. பட்டினியில தப்பிச்சவன் சாப்பிட்டுச் செத்தான். கண்ணால பார்த்தேன். ரொம்ப நாள் காஞ்ச உடம்புல உப்புச் சத்தெல்லாம் வத்திப் போயிருக்கும். திடீர்னு சோறும் சர்க்கரையும் உள்ள போனா, ரத்தத்துல மிச்சம் இருக்கறதையும் உடம்பு உறிஞ்சிக்கும். இதயம் தாங்காது. அதனால, அரை டம்ளர் கஞ்சி. ரெண்டு மணிக்கொருதரம். அவ்வளவுதான். நான் சொன்னாத்தான் கூட்டணும். கால் வீங்கினா, விரலால அழுத்தி குழி விழுந்தா, உடனே எனக்குச் சொல்லணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்."

புரிந்தது! அதுதான் என் கொடுமை. புரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இல்லை.

அம்மா காலையில் கடைக்குச் சமைத்துவிட்டு மத்தியான பஸ்ஸில் வருவாள்; மாலையில் திரும்பிவிடுவாள். கூடவே இருந்தது நான்தான். முதல் சில நாள் அந்த அரை டம்ளருக்கே போராட்டம். உதட்டில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கன்னத்தில் அடக்கிவைத்து அந்தப் பக்கம் துப்புவாள். நான் கெஞ்சினேன். திட்டினேன். ஒருமுறை கையெடுத்துக் கும்பிட்டேன். மெல்ல மெல்ல இறங்கியது.

பிறகு ஒரு சாயங்காலம்...

"அண்ணா."

"இன்னாம்மா?"

"பசிக்குதுண்ணா. சொல்றதுக்கே வெக்கமா கீது."

அந்த நிமிடம் எனக்கு எப்படி இருந்தது என்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன்! ஒரு வருடமாக எங்கள் வீட்டில் எல்லோரும் காத்திருந்த சொல் அது. கஞ்சியை எடுத்து வந்தேன். ஒரே மூச்சில் குடித்தாள். டம்ளரின் அடியை விரலால் வழித்தாள். என்னைப் பார்த்தாள்.

"அவ்ளோதானா?"

"டாக்டர் அவ்ளோதான் சொல்லிக்கிறாரு."

"நம்ப வூட்ல யாருக்காச்சும் இல்லன்னு சொல்லிக்கிறமாண்ணா?"

இல்லை. ஒருவருக்கும் சொன்னதில்லை. கையை விரித்து மறைத்தவனுக்கே ஊற்றிய வீடு அது. இங்கே ஒரு கை ஏந்துகிறது, நான் இல்லை என்று சொல்லவேண்டுமா? அதுவும் வசந்தாவுக்கா?

எதிரே டீக்கடை. இரண்டு இட்லி வாங்கி வந்தேன். சர்க்கரை தொட்டுக்கொள்ள வேண்டும் என்றாள். கதவைச் சாத்திவிட்டு நானே பிட்டுப் பிட்டு ஊட்டினேன். ஒவ்வொரு வாய்க்கும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் நைனா முதல் பஸ்ஸில் வந்தார். நான் கஞ்சி கொடுப்பதையும், அவள் தானாக வாங்கிக் குடிப்பதையும் வாசற்படியில் நின்று பார்த்தார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாலு எழுத்து படிச்சவன் படிச்சவன்தான்டா ஏழுமல. நானும் உங்கம்மாவும் எவ்ளோ அழுதோம், ஒரு பருக்க எறங்குச்சா? உன் கைல துன்றா பாரு!"

என் நைனா என்னை அதற்குமுன் அப்படிச் சொன்னதில்லை. அன்று கடையில் வந்தவர் போனவரிடமெல்லாம் இதையே சொன்னாராம். என் கையால் என் தங்கை பிழைக்கிறாள்! நான் மிதந்தேன். உண்மையைச் சொல்கிறேன்... அவள் பசிக்காக மட்டும் நான் ஊட்டவில்லை. அந்தச் சொல்லுக்காகவும் ஊட்டினேன்.

அன்று கேசரி. மறுநாள் போளி, வாழைப்பழம், மறுபடி சர்க்கரை தொட்டு இட்லி. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தப் பசி சாதாரணப் பசியில்லை. பயமாகவும் இருந்தது. டாக்டர் வந்து, "கஞ்சி இறங்குதா?" என்று கேட்டால், "இறங்குது சார்" என்பேன். அது பொய் இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

ஒருநாள் காலையில் போர்வை விலகிக் கிடந்தது. அவள் கணுக்கால் எலும்பைக் காணவில்லை. பாதம் பளபளவென்று இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன். குழி விழுந்தது. நிரம்பவே இல்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்...

போர்வையை இழுத்து மூடினேன்.

ஏன் மூடினேன்? உடனே சொல் என்றுதானே டாக்டர் சொன்னார்? சொன்னால் ஏன் என்று கேட்பார். கேட்டால் சொல்லவேண்டும். சொன்னால் நைனாவின் காதுக்குப் போகும். சாயங்காலத்துக்குள் வற்றிவிடும் என்று நினைத்தேன். நினைத்தேனா, நினைத்ததாக நடித்தேனா? என்னிடமே நான் நடித்திருக்கக் கூடுமல்லவா?

மத்தியானம் அம்மா வந்தாள். வந்ததும் வசந்தாவின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தாள்.

"டேய், கன்னம் வெச்சிக்கீதுடா! ஒட்டிக் கெடந்த மொகம் எப்டி ஊறிக்கினு வருது பாரு! எங்கண்ணே பட்டுடப் போவுது."

அது சதை இல்லை, நீர். எனக்குத் தெரியும். "ஆமாம்மா" என்றேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அம்மா தூக்குச்சட்டியைத் திறந்தாள். எனக்காகக் கொண்டுவந்த தயிர்சாதம். ஒரே ஒரு வாய், எலுமிச்சம்பழ அளவுகூட இராது, உருட்டி அவள் வாயில் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, திருடிய குழந்தைபோல் சிரித்தாள்.

"ஒரு வாய்தான்டா. டாக்டராண்ட சொல்லிடாத."

"சரிம்மா."

கொஞ்ச நேரத்தில் வசந்தாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. படுக்க முடியவில்லை. உட்கார முடியவில்லை. டாக்டர் ஓடிவந்தார். போர்வையை விலக்கினார். பாதத்தை அழுத்தினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"தம்பி, நான் சொன்னதைத் தவிர வேற ஏதாவது குடுத்தியா?"

இதுதான் அந்தக் கேள்வி.

"நீங்க சொன்னதுதான் சார். அரை டம்ளர் கஞ்சிதான்."

அவர் வசந்தாவிடம் குனிந்தார். "நீ சொல்லும்மா. அண்ணன் வேற ஏதாவது குடுத்தானா?"

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஒரு காலத்தில் அவள் இலையை நான் காட்டிக்கொடுக்கவில்லை அல்லவா? மூச்சுக்கு நடுவே, "இல்ல சார்" என்றாள்.

உடனே அம்மா வாயைப் பொத்திக்கொண்டு கதறினாள். "நான்தான் சாமி குடுத்தேன்! ஒரு வாய் தயிர்சோறு. பெத்த வயிறு கேக்கல சாமி!"

"யாரைக் கேட்டும்மா குடுத்தீங்க?" என்று டாக்டர் சத்தம் போட்டார்.

அவள் ஒரு வாய்க்கு ஒப்புக்கொண்டாள். எழுத்தறியாதவள், பயந்தவள், உடனே ஒப்புக்கொண்டாள். நான் மூன்று நாள் தீனியை விழுங்கிக்கொண்டு நின்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்! வாய் திறந்தால் போதும்!

டாக்டர் குழம்பினார். ஒரு வாய் சோறு இத்தனை செய்யாது என்று அவருக்குத் தெரியும். நான் சொன்னதை அவர் நம்பினார். ஆகவே இது சத்தே இல்லாததால் வந்த பட்டினி வீக்கம், கொடுப்பது போதவில்லை என்று முடிவுக்கு வந்தார். குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். சொட்டுச் சொட்டாக இறங்கியது. அது சர்க்கரை என்று எனக்குத் தெரியும். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் காலையில் சென்னைக்குக் கொண்டுபோக வண்டி வந்தபோது, வசந்தா இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும், தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். உடலை வண்டியில் ஏற்றியபின் டாக்டர் என் தோளைத் தொட்டார். "வீட்டுல போய் அம்மாவைத் திட்டாதீங்க தம்பி. அந்த ஒரு வாய் சோத்தால இல்ல. வேற ஏதோ. எனக்குத்தான் பிடிபடல. இதை நான் சொன்னேன்னு அவங்ககிட்ட சொல்லு."

அந்தச் செய்தியை நான் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. கொண்டுபோனால் 'பின்னே எதனால?' என்று யாராவது கேட்பார்களே!

காரியம் முடிந்த அன்று, எல்லோரும் இருக்கும்போது நைனா அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "ஊருக்கே ஆக்கிப் போட்ட கையி. பெத்த பொண்ண ஒரு கவளத்துல முடிச்சுட்டியேடி." அம்மாவும் அதையே நம்பினாள். கடையில் வேறு சமையல்காரர் வந்தார். நைனா தனக்குத் தானே பரிமாறிக்கொள்கிறார். தண்ணீர் வேண்டுமானாலும் சுவரைப் பார்த்துக் கேட்கிறார். அம்மா கொண்டுவந்து தரையில் வைத்துவிட்டுப் போகிறாள்.

எனக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்தது. கல்யாணம் ஆயிற்று. நைனா இன்னும் பிறரிடம் சொல்கிறார்: "எம் பையன்தான் அவளக் கடேசி வரிக்கும் பாத்துகினான். அவங்கைல நல்லா துன்னுகினு இருந்தா."

இதை அச்சில் பார்க்கிற நீங்கள் என்னைப்பற்றி என்ன வேண்டுமானாலும் நினைக்கலாம். நினைக்க வேண்டியவள் ஒருத்திதான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருப்பேனா?... கேட்காதீர்கள்.

போன மாதம் என் குழந்தைக்கு முதல் சோறு ஊட்டினோம். மாமல்லபுரம் கோயிலில், பருப்பும் நெய்யும் பிசைந்து, சின்னக் கிண்ணத்தில். அப்பாவின் அம்மாதான் முதலில் ஊட்டவேண்டும் என்று என் மனைவி கிண்ணத்தை நீட்டினாள். அம்மா பின்னால் நகர்ந்தாள். வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எங்கை வோணாம்மா. உங்கம்மா ஊட்டட்டும்."

"இன்னா அத்த இப்டி சொல்றீங்க, நீங்க ஊட்டாம யாரு ஊட்டறது?"

"சொன்னாக் கேளு. இது ஆவாத கையி."

என் மனைவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தாள். அம்மாவும் என்னைப் பார்த்தாள். நான் எடுத்துச் சொல்லி மருமகளுக்குப் புரியவைப்பேன் என்ற நம்பிக்கையோடு. நாக்கு நுனிவரை வந்தது. 'அம்மா, அது உன் கை இல்லை' — எத்தனை சின்ன வாக்கியம்!

"நேரமாவுது, உங்கம்மாவே ஊட்டட்டும்" என்றேன்.

என் மாமியார் ஊட்டினார். குழந்தை சப்புக்கொட்டியது. எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா தூணருகே நின்று சிரித்துக்கொண்டிருந்தாள், கையை வெளியே எடுக்காமல்.

போனது இவ்வளவு: என் தங்கையின் உயிர். என் நைனா என் அம்மாவின் முகம் பார்த்துப் பேசும் பேச்சு. என் அம்மாவின் வலது கை.